மூன்றாவது மருந்து

மருந்தியல் துறை வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சில் ஆவுடைச்செல்வி ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். காலை பத்தேகால் மணி. ஏழாவது இடம் நல்லதா கெட்டதா என்று அவளுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. முதலில் போகிறவர்களை வெளியூரிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் தெம்பாக உட்கார்ந்து வறுத்தெடுப்பார், கடைசியில் போகிறவர்களைப் பசியோடு வறுத்தெடுப்பார், நடுவில் போனால் ஒரு டீயாவது அவருக்குள் இறங்கியிருக்கும். டீ குடித்தால் மனிதர் இளகுவாரா? இளகமாட்டார், விழித்துக்கொள்வார். காஃபீன் போய் அடினோசினின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது, அடினோசின் வந்து பார்த்தால் இடம் இல்லை, தூக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறது. மருந்துகளில் பாதி இந்தக் கதைதான், யாரோ யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்துவிடுவது. மீதிப் பாதி கதவைத் திறப்பதும் சாத்துவதும். இப்படிச் சுலபமாக நினைத்துக்கொண்டுதான் போன தடவை கோட்டைவிட்டாள். நாற்காலி நினைவிருந்தது, அதில் உட்கார்ந்த ஆளின் பெயர் வரவில்லை. இது துணைத்தேர்வு. எழுத்துத் தேர்வை ஒருமாதிரி ஒப்பேற்றியாகிவிட்டது, வைவா என்கிற இந்த வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி. இதிலும் போனால் ஆறு மாதம் பின்தங்கி ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். சங்கரன்கோவிலில் அம்மா தெருவில் "எம்மக டாக்டரு" என்று சொல்ல ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது, நல்லவேளையாக அந்தத் தெருவில் யாரும் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை.

வைவா முடிகிறவரை கையில் போன் கூடாது. எல்லாருடைய போனையும் அணைத்து வாங்கி அட்டெண்டர் ராஜாமணி தன் மேஜைமேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைத்திருந்தார். அவளுடையது சிவப்பு உறை போட்டது, மேலாகவே கிடந்தது. அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். இதயச் செயலிழப்பு. இதயம் தளர்ந்துபோய்க் குறைவாக இறைக்கிறது. சிறுநீரகத்துக்கு வருகிற ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் என்ன நினைக்கிறது? உடம்பில் தண்ணீரே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. உப்பைப் பிடித்துவை, தண்ணீரைப் பிடித்துவை என்று உத்தரவு போடுகிறது. உண்மையில் தண்ணீர் ஏற்கெனவே கால்வரை தேங்கிக் கிடக்கிறது, நுரையீரலில் கசிகிறது, ஆள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறார், இது எதுவும் அதற்குத் தெரியாது. தன் குழாயில் வரத்து குறைந்தது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறது. இதை அவள் அப்பாவுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அப்பா அருஞ்சுனை வயர்மேன், சங்கரன்கோவிலில் பழைய வீடு புது வீடு எதற்கு லைன் இழுப்பதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு எதைச் சொன்னாலும் வயரில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தால்தான் புரியும். நரம்பு என்றால் வயர், அதன் மேலுறை என்றால் இன்சுலேஷன், இதயத்தின் மேல்மூலையில் இருக்கும் துடிப்பு முடிச்சு மெயின் சுவிட்ச். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, உடம்புல எர்த் எங்க இருக்கு?" என்றார்.  புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். "எர்த் இல்லாம எவன்டே இத வயரிங் பண்ணுனான்" என்று சிரித்தார். சிரித்தவுடன் இருமல் வந்தது. அது போன வருடம், புரட்டாசியில்.

இருமலுக்குக் காரணம் சிமென்ட் தூசி என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். வயர்க் குழாய் பதிக்கச் சுவரை உளியால் கொத்துகிறவருக்கு இருமல் வராமல் என்ன செய்யும். இரண்டு மாதமாக இருமுகிறார், சாயங்காலம் காய்ச்சலில் மேல் காய்கிறது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று அம்மா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னதை விடுதி மாடியில் நின்று கேட்டவள்தான், சளியைச் சோதிக்கச் சொன்னாள். சோதித்தால் காசநோய். சொன்னபடியே வந்துவிட்டதே என்று அவளுக்கு முதலில் ஒரு சந்தோஷம் வந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகுதான் அழுகை வந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள், தினமும், ஆறு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். மறுநாள் விடியற்காலையில் அப்பா போன் செய்து, "நீ சொன்ன மாதிரியே வந்துட்டு, ஆவுட!" என்றார், ஏதோ அவளுக்குப் பரிசு விழுந்தமாதிரி. இரண்டாவது மாதம் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அவள் விடவில்லை. நடுவில் விட்டால் கிருமி பழகிக்கொள்ளும், அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது என்று போனிலேயே அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். அதிலிருந்து ஒருநாள் தவறாமல் போடுகிறார். இது ஐந்தாவது மாதம். அதனால்தான் குறிப்பேட்டில் காசநோய் மருந்துப் பக்கங்களை ஒரு கிளிப் போட்டு ஒதுக்கிவைத்திருந்தாள். தெரிந்த பாடத்தைப் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. முதல் தடவை ஃபெயிலான அந்தத் தேர்விலும் காசநோய் மருந்துகளுக்கு மட்டும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

கதவு திறந்து முதல் ஆள் ஜாபர் வெளியே வந்தான். வெளியே வருகிறவர்கள் நேராக வீட்டுக்குப் போய்விடக் கூடாது, உள்ளே என்ன கேட்டார்கள் என்று பெஞ்சுக்கு ஒப்பித்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எழுதாத சட்டம். ஜாபர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன் எல்லாத்தையும் மூணு மூணா கேக்குறாருப்பா. மூணு மருந்து சொல்லு, மூணு காரணம் சொல்லு. பார்வையில நிறத்த மாத்துற மருந்து மூணு சொல்லுன்னாரு. எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு," என்றான். பெஞ்சு முழுக்கக் காகிதம் சலசலத்தது. ஆவுடைச்செல்வி பக்கம் புரட்டவில்லை. இது அவளுக்குத் தெரியும். அறைத்தோழி ஷைனியும் அவளும் சேர்ந்து போட்ட பட்டியல் இது. டிகாக்சின், மஞ்சள். இதயச் செயலிழப்புக்குக் கொடுப்பது, அளவு மீறினால் பார்க்கிற பொருளெல்லாம் மஞ்சளாக, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். சில்டெனாஃபில், நீலம். ஆண்மைக்குறைவுக்கான மருந்து, இதைச் சொல்லும்போதெல்லாம் பையன்கள் சிரிப்பார்கள், அதனாலேயே மறக்காது. மூன்றாவது. மூன்றாவது என்ன? மஞ்சள், நீலம், அப்புறம். ஷைனி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு விரலை மடக்கினாள், கட்டைவிரல் டிகாக்சின், ஆள்காட்டி விரல் சில்டெனாஃபில், நடுவிரலை மடக்கும்போது என்ன சொன்னாள்? அந்த விரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது, நகத்தில் பாதி உரிந்த சாயம், நெளி மோதிரம். மருந்தின் பெயர் மட்டும் இல்லை. போன தடவை மாதிரியே நாற்காலி இருக்கிறது, ஆளைக் காணோம். சரி, விட்டுப்பிடிப்போம் என்று அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

நீரிழிவு. இன்சுலின் ஒரு சாவி. சாவி இல்லாததும் உண்டு, சாவி இருந்தும் பூட்டு துருப்பிடித்துத் திறக்காததும் உண்டு. அப்பாவுக்கு இரண்டாவது ரகம், ஏழெட்டு வருடமாக இருக்கிறது. மெட்ஃபார்மின் கல்லீரலில் சர்க்கரை உற்பத்தியைக் குறைக்கிறது, சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து எதுவானாலும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், வெளியேறாமல் தேங்கும். மெட்ஃபார்மின், டிகாக்சின், ஸ்ட்ரெப்டோமைசின், அப்புறம். அப்புறம் இன்னொன்று. இங்கேயும் அதே இடத்தில் கால் இடறியது. அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், வயசுக்கு இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். வயசுக்கு இருக்கும் என்பது எவ்வளவு வசதியான வார்த்தை. பொங்கல் லீவில் போயிருந்தபோது அப்பா தினசரியைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, பிறகு கிட்டே கொண்டுவந்து, பிறகு மடித்துவைத்துவிட்டார். "கண்ணு மங்கலா இருக்கு" என்றார். வெள்ளெழுத்து, நாற்பத்தெட்டு வயதுக்கு வராமல் பின்னே எப்போது வரும் என்று அவள் சிரித்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதானால் எப்படி விறைத்துப்போகிறது என்று விளக்கினாள். மறுநாளே பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தாள். கடைக்காரர் அட்டையைக் காட்டி இது தெரிகிறதா இது தெரிகிறதா என்று கேட்க, அப்பா எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றார். மகள் வாங்கித் தருகிற கண்ணாடியில் தெரியவில்லை என்று சொல்கிற ஆளா அவர். கடையை விட்டு இறங்கும்போது ஏதோ சொன்னார். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்?

"பாப்பா, காலை உள்ள இழுத்துக்க, டீ வருது," என்றார் ராஜாமணி. டீத்தட்டு உள்ளே போனது. இரண்டாவது ஆள் வெளியே வந்து எதையும் ஒப்பிக்காமல் விடுவிடுவென்று போய்விட்டாள், அழுகிறாளா என்று தெரியவில்லை. மூன்றாவது ஆள் உள்ளே போனான். ஆவுடைச்செல்வி மஞ்சள், நீலம் என்று விரல் மடக்கினாள். மஞ்சள், நீலம் எல்லாம் வயரிலும் உண்டு. சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்தால் பையில் துண்டு வயர்கள் இருக்கும், அவள் அவற்றை உருவி வளையல் செய்வாள். மூன்று லைன் வருகிற இடத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம். வீட்டுக்குள் சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், பச்சை எர்த். பச்சை எதற்கு என்று கேட்டால், ஒன்றும் இல்லாதபோது சும்மா இருக்கும், ஏதாவது கோளாறு என்றால் உயிரைக் காப்பாற்றும் என்பார். அப்பா வயரிங்கில் இருபத்தாறு வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. போன வாரம்தான் முதல் தடவை. அம்மா சொல்லியிருந்தாள், ராமலெட்சுமி டீச்சர் வீட்டில் புதிதாக ஒரு பிளக் வைத்துக் கொடுத்தார், அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, சோதித்துப் பார்க்காமலே மூடிவிட்டு வந்துவிட்டார், கரண்ட் வந்ததும் டீச்சர் மாவாட்டப் போய்க் கிரைண்டரைத் தொட்டிருக்கிறாள், தூக்கி அடித்துவிட்டது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தாள். "கரண்ட் போற வயரையும் எர்த்து வயரையும் மாத்திக் குடுத்துட்டாவளாம். டீச்சர் வீட்டுக்காரரு தெருவுல நின்னு சத்தம் போட்டாரு. உங்கப்பாவுக்கு ஒரே கோவம், நானாவது மாத்துறதாவதுன்னு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்று அம்மா சொல்லச் சொல்ல, இவள் இங்கே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரத்த அழுத்த மருந்துகளுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ம் என்றாள். உடம்பு அலுப்பும்மா, அதான் என்றாள். கரண்ட் போகிற வயரும் எர்த் வயரும். சிவப்பும் பச்சையும்.

சிவப்பும் பச்சையும். ஷைனியின் நடுவிரல் மடங்கியது. எத்தாம்பூட்டால். அவ்வளவுதான், வந்துவிட்டது. பெயர் வந்த நிம்மதி ஒரு கணம், அரைக் கணம், உண்மையாகவே இருந்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த நிம்மதியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பாள். எத்தாம்பூட்டால், காசநோய் மருந்து, கிருமியின் சுவர் கட்டுகிற நொதியைத் தடுக்கிறது, கண் நரம்பைப் பாதிக்கலாம், முதலில் நடுப்பார்வை மங்கும், பிறகு சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும், அளவையும் நாளையும் பொறுத்தது, சிறுநீரகம் பழுதானால் தேங்கும், உடனே நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும், நிறுத்தாவிட்டால். இதை வார்த்தைக்கு வார்த்தை அவள் எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண் வாங்கியது இதற்குத்தான். கடையை விட்டு இறங்கும்போது அப்பா என்ன சொன்னார் என்பதும் இப்போது வந்துவிட்டது, தனியாக வரவில்லை, பஸ்ஸின் ஹாரன், கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்ட அவர் கை, எல்லாவற்றோடும் வந்தது. "எழுத்து மட்டுமில்ல தாயி, எதப் பாத்தாலும் நடுவுல ஒரு பொகை மாதிரி இருக்கு." அதற்கு அவள் கண்ணாடி பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொன்னாள். அவள்தான் சொன்னாள். அப்பாவின் கண்ணை வேறு யாரும் கெடுக்கவில்லை, மாத்திரை தன் குணத்தைக் காட்டியது, அவர் ஒளிக்காமல் சொன்னார், வீட்டு டாக்டர் காதில் வாங்கவில்லை.

இல்லை, பதறக் கூடாது. நூறு பேரில் ஒருத்தருக்கோ இரண்டு பேருக்கோ வருவது. எல்லாப் பக்கவிளைவும் தனக்கே வந்துவிட்டதாக நினைப்பது மருத்துவ மாணவர்களின் வழக்கமான வியாதி, அதற்கும் பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு வயசுக்கு வந்த மங்கலாகவே இருக்கலாம். டீச்சர் வீட்டில் அலுப்பில் தவறியிருக்கலாம். ஆனால் நடுவில் புகை, கூடுதல் கிரியேட்டினின், மாறிப்போன வயர், மூன்றையும் சேர்த்துவைத்தால்? எக்ஸ்டர்னல் மூணு மூணாகத்தான் கேட்கிறார். உள்ளங்கை ஈரமாகிவிட்டது, குறிப்பேட்டின் ஓரம் நனைந்தது. போன தடவை ஃபெயிலாக்கிய கேள்வியே இதுதான், பயத்தில் வியர்ப்பது எந்த வேதிப்பொருளால்? அட்ரினலின் என்று எழுதினாள். தப்பு. வியர்வைச் சுரப்பிக்கு மட்டும் அசிட்டைல்கோலின். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அட்ரினலின், கை வியர்ப்பதற்கு அசிட்டைல்கோலின், இனி ஜென்மத்துக்கும் மறக்காது. நிதானமாக யோசி. வைவா முடிந்து பேசலாம். இன்னும் மூன்று பேர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், தன்னுடையது ஒரு பத்து, பதினொன்றே முக்காலுக்குப் பேசிவிடலாம். ஐந்து மாதம் போட்ட மாத்திரை, ஒரு மணி நேரத்தில் என்ன கூடிவிடப்போகிறது. கண்ணுக்கு ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லைதான். அந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு ஆறுதல் வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஏனென்றால் காலை ஏழு மணிக்கு அம்மா பேசியிருந்தாள். பரீட்சைக்கு விபூதி பூசிக்கொண்டு போ என்று சொல்லத்தான் பேசினாள். கூடவே, "உங்கப்பா வெள்ளனவே போயிட்டாவ. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் புதுசா கிரைண்டர் வந்துருக்காம், லைன் இழுக்கணுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்ன முடிச்சுக் குடுத்துருவேன்னு சொல்லிட்டுப் போறாவ. டீச்சர் வீட்டுக் கெட்ட பேரு இதுல போயிரும்னு நெனைக்காவ" என்றாள். பெரிய கிரைண்டர். எவர்சில்வர் உடம்பு. கழுவிவிட்ட ஈரத் தரை. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகள். மணி பதினொன்றுக்கு ஐந்து இருந்தது.

அவள் எழுந்தாள். எழுந்ததும்தான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது. பச்சைக் கூடையில் சிவப்பு உறை தூக்கலாகத் தெரிந்தது. அப்பா இந்தக் கூடையைப் பார்த்தால் இந்தப் போனைக் கண்டுபிடிப்பாரா என்று ஒரு நினைப்பு ஓடியது.

"அண்ணே, என் போன் வேணும். வீட்டுக்கு ஒரு நிமிஷம் பேசணும்."

ராஜாமணி ஏறிட்டுப் பார்த்தார். "போன எடுத்தா திரும்ப பெஞ்சில உக்கார விடமாட்டாங்க பாப்பா. வெளிய யாருகிட்டயோ கேட்டுட்டு வந்தேன்னு ஆயிரும். உனக்கு முன்னால இன்னும் மூணு பேருதான. முடிச்சிட்டுப் பேசு."

"எங்கப்பா கரண்ட் வேலையில இருக்காங்கண்ணே. இப்பவே சொல்லணும்."

"நம்பர் கூப்பிட்டு நீ இல்லன்னா ஆப்சென்ட் போட்டுருவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"சரிண்ணே," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். அது உயிர் பெற்று எழுவதற்குள் நாலு தடவை சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். ஏணியில் நிற்பார், ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும், போன் மேல்சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டோடு இருக்கும். எடுங்கள், எடுங்கள் அப்பா.

"என்ன ஆவுட, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"எப்பா, மெயின் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சுவிட்ச் பெட்டிய மூடிட்டுப் போடணும். ஏன், நீ எதுக்கு இதக் கேக்க?"

"போடாதீங்க. எப்பா, பக்கத்துல யாரு இருக்கா?"

"சத்துணவு அக்கா இருக்காவ. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காவ. என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அவங்களைக் கூப்பிட்டுப் பெட்டிக்குள்ள பாக்கச் சொல்லுங்க. எந்த நிறத்தோட எந்த நிறம் சேர்ந்திருக்குன்னு சொல்லச் சொல்லுங்க."

 கோபிக்கப்போகிறார் என்று நினைத்தாள். இருபத்தாறு வருட வேலையை வெங்காயம் உரிக்கிறவளிடம் காட்டிச் சரிபார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. அவர் கோபிக்கவில்லை. "ஏம்மா, செத்த இங்க வந்து பாரு," என்று அவர் கூப்பிடுவது கேட்டது. யாரோ நடந்துவருகிற சத்தம், பாத்திரம் நகர்கிற சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல், கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக: "என்னண்ணே இது, செவப்பையும் பச்சையையும் சேத்துல்லா முறுக்கி வச்சிருக்கீய?"

வராந்தாவில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீ வேலை செய்திருக்கும், எக்ஸ்டர்னல் மீதிப் பேரைச் சேர்ந்தாற்போல உள்ளே கூப்பிட ஆரம்பித்துவிட்டார், ராஜாமணி அடுத்தடுத்து எண்களைச் சொல்வது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்பா."

"இருக்கேன்."

"அது மாத்திரையால. அஞ்சு மாசமா போடுறீங்கள்ல, அதுல ஒண்ணு கண் நரம்பைப் பிடிக்கும். செவப்பு பச்சை தெரியாமப் போகும். டீச்சர் வீட்டுலயும் அதான் நடந்திருக்கு. உங்க கை தப்பு பண்ணல. பொங்கலுக்கு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு இது நல்லாத் தெரியும்ப்பா, பரீட்சையில எழுதி மார்க் வாங்கிருக்கேன். நான்தான் வெள்ளெழுத்துன்னு சொல்லிட்டேன்." அவர் குறுக்கிடுமுன் தொடர்ந்தாள். "இப்பவே அப்படியே விட்டுட்டு எறங்குங்க. நேரா மாத்திரை தர்ற ஆபீசுக்குப் போயி, நிறம் தெரியலன்னு சொல்லுங்க. கண் டாக்டரையும் இன்னைக்கே பாக்கணும். அடுத்த மாத்திரை அவங்க சொல்லாமப் போடாதீங்க. சீக்கிரம் கவனிச்சா அநேகமா பார்வை திரும்பிரும்."

"அநேகமாவா?"

"அநேகமா," என்றாள். பொய் சொல்ல வரவில்லை.

"நூத்திப் பதினேழு," என்று ராஜாமணி கூப்பிடுவது கேட்டது. அவளுடைய எண். அதற்குள்ளா. அப்பா ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது, இறங்கி முடிக்கிறவரை போனை வைக்கக் கூடாது என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. தரையில் கால் வைத்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டார். "எறங்கிட்டேன். ஃபியூஸையும் உருவிப் பையில போட்டுக்கிட்டேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கிற அந்த அம்மாளுக்குக் கேட்காமல் பேசினார்.

"ஆவுட, நான் ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கண்ணாடி போட ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான் நிறமெல்லாம் ஒரு மாதிரியாச்சு. கண்ணாடிதான் சரியில்ல போலன்னு நெனச்சு, வேலைக்குப் போறப்ப கழத்தி வச்சிருவேன். கழத்துனாலும் அப்படித்தான் இருந்துச்சு. கண்ணு அதுக்குப் பழகிட்டு போலன்னு விட்டுட்டேன். உங்கிட்ட சொன்னா, ஆசையா வாங்கித் தந்தத கொற சொல்லுதாருன்னு வருத்தப்படுவியேன்னு சொல்லல."

"நூத்திப் பதினேழு!" இரண்டாவது தடவை, கொஞ்சம் உரக்க. மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள்.

"அப்போ கண்ணாடில ஒரு கோளாறும் இல்ல?"

"இல்லப்பா. அது நல்ல கண்ணாடிதான்."

"அதான பாத்தேன்," என்றார் அருஞ்சுனை, பெரிய பாரம் இறங்கினமாதிரி. "நீ பாத்து வாங்குனதுல்லா."